விபெக்கேயின் முதல் கேக்

விபெக்கேக்கு கேக் செய்யத் தெரியாது. ஸ்கேன் பிரிவில் எல்லோருக்கும் இது தெரியும், அவளே பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிவாள். ஏனென்றால் அந்தப் பிரிவில் கேக் கொண்டுவருவது தப்பு செய்தவர்களின் வேலை.

டென்மார்க்கில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இந்தச் சட்டம் உண்டு. எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது, ஆனால் யாரும் மீறத் துணிய மாட்டார்கள். கடலை ஒட்டிய அந்த ஊர் மருத்துவமனையில் அது இன்னும் கறாராக இருந்தது. விபெக்கேயும் ஹென்னிங்கும் மூளைக் கட்டிகளின் படத்தைப் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் சாது, நாலு என்றால் கொடியது. பிறகு அறுவை மருத்துவர் மண்டையைத் திறந்து ஒரு துணுக்கு எடுத்து அனுப்புவார். அதைத் திசு ஆய்வகத்தில் யூட்டே பார்த்து முடிவாகச் சொல்வாள். யூட்டே சொன்னதோடு ஒத்துப்போகாதவர், வெள்ளிக்கிழமை மூன்று மணிக் காப்பிக்கு கேக் கொண்டுவர வேண்டும். மூன்று வருடத்தில் ஹென்னிங் பதினோரு கேக் கொண்டுவந்திருந்தார். விபெக்கே ஒன்றுகூட இல்லை.

அவர்கள் பார்த்தது மூளைக்குள் தண்ணீர் எவ்வளவு தாராளமாக நடமாடுகிறது என்று காட்டும் படம். செல்கள் நெருக்கியடித்துப் பெருகிய இடத்தில் தண்ணீருக்கு நகர வழியிருக்காது, படத்தில் அந்த இடம் கறுத்துவிடும். எவ்வளவு கறுப்போ அவ்வளவு மோசம். கத்தி வைப்பதற்கு முன்பே இந்தப் படத்தை மட்டும் வைத்துத் தரத்தைச் சொல்லிவிட முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. நடத்தியவன் எஸ்கில். இயற்பியல்காரன், நாற்பத்தாறு வயது, ஒல்லிப் பிசாசு, ஒரு நாளைக்குப் பத்து காப்பி குடிப்பான்.

எஸ்கில் ரொம்பக் கெட்டிக்காரன். படங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இருவரும் தனித்தனியே பார்த்து, ஒருவரோடொருவர் பேசாமல், தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை உறையைத் திறப்பது எஸ்கில். அதுவரை அவனும் பார்க்க மாட்டான். போதாததற்கு, ஒவ்வொரு பன்னிரண்டு படத்துக்குள்ளும் ஒரு பொறி வைத்திருந்தான். அந்த ஒரு படம் மட்டும் ஆரோக்கியமான ஆளின் தலை. எங்கே பார்த்தாலும் கட்டி தெரிகிற வியாதி டாக்டர்களுக்கு உண்டல்லவா, அதைப் பிடிப்பதற்காக. பொறியில் விழுந்தால் ஆளுக்கு மூன்று கேக். இதுவரை யாரும் விழுந்ததில்லை.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, காப்பி அறையில் ஹென்னிங்கின் பன்னிரண்டாவது கேக்கை வெட்டினார்கள். சாக்லேட் கேக். ஸ்கேன் எடுக்கிற லோனே எல்லோருக்கும் தட்டு கொடுத்தாள்.

"ஹென்னிங், உன் வீட்ல சர்க்கரை தீந்துபோச்சா?" என்றான் எஸ்கில். அந்த ஊரில் யாரும் யாரையும் 'நீங்கள்' என்பதில்லை. ஓய்வு பெறப்போகிற பெரிய டாக்டரும் 'நீ'தான்.

"ஏன், என்னவாம்?"

"கேக்கா இது? அட்டையை மெல்ற மாதிரி இருக்கு."

"யோவ், இருநூறு கிராம் போட்டிருக்கேன். தராசுல வச்சு அளந்து போட்டேன்."

"அப்ப அளந்ததும் தப்பு. அதுக்கு இன்னொரு கேக்."

எல்லோரும் சிரித்தார்கள். விபெக்கேயின் வாயில் கேக் நன்றாகவே தித்தித்தது. பாவம் அந்தக் கிழவரை இவன் சீண்டாமல் விடமாட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

எஸ்கில் உறைகளைப் பிரித்தான். அவனுக்கு இது வாராவாரம் வருகிற திருவிழா. எழுந்து நின்று, ஒவ்வொரு எண்ணாக இருவர் தாளையும் சத்தமாக வாசிப்பான். விபெக்கேயின் தாளில் ஓரக் குறிப்புகள் இருக்கும். அவளுக்கு வாய் நீளம், பேனா அதைவிட நீளம். பெயரும் முகமும் இல்லாத படங்கள்தானே என்று கை போனபடி கிறுக்கி வைப்பாள். அதைக் கேட்கவே பக்கத்து அறைக்காரர்களும் வருவார்கள்.

"மூணாம் நம்பர். ஹென்னிங் ரெண்டு, விபெக்கே ரெண்டு. 'கட்டியா, காப்பிக் கறையா?' அப்டின்னு எழுதியிருக்கா." சிரிப்பு. "அஞ்சு. ஹென்னிங் மூணு, விபெக்கே ரெண்டு. கேக் யாருதுன்னு அடுத்த வாரம் தெரியும்." ஹென்னிங் பெருமூச்சு விட்டார், அதற்கும் சிரிப்பு.

"ஏழு. ஹென்னிங் நாலு. விபெக்கே நாலு. வலப்பக்கம், காதுக்கு உள்ளே இருக்கிற மடிப்புல. நடுவுல செத்த பகுதி, சுத்திக் கன்னங்கரேல்னு வளையம். ஓரத்துல..." எஸ்கில் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "'இவர் அடுத்த வருஷத்துக்குக் காலண்டர் வாங்க வேண்டாம்.' அடிப்பாவி! உனக்கெல்லாம் நரகத்துல தனி அறை ஒதுக்கி வச்சிருப்பாங்க."

அவன்தான் முதலில் சிரித்தான். சிரித்துக்கொண்டே விடைத்தாளில் விரலை ஓட்டினான். ஏழில் விரல் நின்றது. அடுத்த நொடி மேசையை ஓங்கித் தட்டினான், கோப்பைகள் எகிறின.

"ஏழு பொறி! விழுந்துட்டீங்க, ரெண்டு பேரும் விழுந்துட்டீங்க! அது என் தலை! போன திங்கக்கிழமைக்கு முந்தின திங்கக்கிழமை மத்தியானம் லோனேதான் எடுத்தா. ஆளுக்கு மூணு கேக்! விபெக்கே, நீ! மூணு வருஷமா இதுக்காகத்தான் உயிரோட இருந்தேன்!"

லோனே பாதி சிரித்து நிறுத்திவிட்டாள். ஹென்னிங் சிரிக்கவே இல்லை. முள்கரண்டியைத் தட்டில் மெல்ல வைத்தார், சத்தம் வந்துவிடக் கூடாது என்பது போல.

விபெக்கேக்கு ஏழாம் எண் படம் நன்றாக நினைவிருந்தது. போன வாரம் புதன்கிழமை காலையில் பார்த்தாள். பார்த்து எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சந்தேகப்பட அதில் ஒன்றுமே இல்லை. மாணவர்களுக்குப் பாடம் நடத்த எடுத்து வைக்கிற மாதிரிப் படம். எதிரே எஸ்கில் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். இவனை நிறுத்த வேண்டும், யார் நிறுத்துவது, நானா, என்று மட்டும் ஓடியது.

"எஸ்கில்," என்றாள். "அந்தப் படத்த நீ பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? பொறிக்கு ஒரு நல்ல தலை வேணும். என் தலை நல்லாத்தான இருக்கு? கொஞ்சம் கேக் வெறி இருக்கலாம்."

"லோனே, நீ பாத்தியா?"

லோனேயின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "நான்... அது ஓடிட்டே இருந்துச்சு. நாங்க மைக்ல ஹேண்ட்பால் மேட்ச் பத்திப் பேசிட்டிருந்தோம்."

சிரிப்பு நிற்க எஸ்கிலுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு இரண்டு தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குனிந்து படித்தான். ஹென்னிங்கின் கோழிக் கிறுக்கல். விபெக்கேயின் அழகான சாய்வெழுத்து. ஒருவரையொருவர் கேட்காமல் எழுதியவை. அப்படிக் கேட்காமல் எழுதினால்தான் இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போகும்போது அதற்கு மதிப்பு என்று வருஷக்கணக்காக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

"ரெண்டு பேரும் ஒரே எடத்த எழுதியிருக்கீங்க," என்றான்.

"எண் மாறியிருக்கும்," என்றாள் லோனே. "வேற யாரோடதாவது உன் எண்ணுக்கு வந்திருக்கும்."

"மாறாது," என்றான் எஸ்கில். "மாறாத மாதிரி புரோகிராம் எழுதினது நான்தான்."

*

மூன்று நாற்பதுக்கு அவனை ஸ்கேனில் படுக்க வைத்தார்கள். கைக்கடிகாரம், பெல்ட், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி விபெக்கேயின் கையில் கொடுத்தான். "தொலைச்சிடாத. சைக்கிள் சாவி ஒண்ணுதான் இருக்கு," என்றான். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூன்று பேரும் நின்றார்கள். மெதுவாகத் திரையில் ஒவ்வொரு படமாக விழுந்தது. ஹேண்ட்பாலைப் பற்றி யாரும் பேசவில்லை. எண் மாறியிருக்கட்டும், இயந்திரம் பழுதாகியிருக்கட்டும், எனக்குக் கண் அவிந்துபோயிருக்கட்டும் என்று விபெக்கே வேண்டிக்கொண்டாள். யாரிடம் வேண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. சர்ச்சுக்குப் போய் முப்பது வருஷமாயிற்று.

வலப்பக்கம், காதுக்கு உள்ளே இருந்த மடிப்பில், அது இருந்தது. அவள் எழுதி வைத்தபடியே இருந்தது. மருந்து ஏற்றி எடுத்த படத்தில் கறுப்பு வளையம் இருந்த இடத்தில் வெள்ளை வளையம் வந்தது.

லோனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஹென்னிங் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒம்பது நாள்," என்றார். "போன வாரம் புதன்கிழமை எழுதினோம். ஒம்பது நாள் அந்த உறை டிராயருக்குள்ள கிடந்திருக்கு."

விபெக்கேக்கு அப்போதுதான் அந்த இன்னொரு இடி விழுந்தது. மற்ற பதினோரு தலைக்கும் டாக்டர் உண்டு, வேறு படங்கள் உண்டு, அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவர்களுக்கு உறை ஒரு விளையாட்டு. இந்த ஒரு தலையைப் பார்க்கத்தான் ஊரில் ஒரு ஆள் இல்லை. ஆரோக்கியமான தலை என்று எல்லோரும் நம்பியதால், அதில் கட்டியைப் பார்த்த இருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்ற ஏற்பாட்டுக்குள் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அந்த ஒன்பது நாளில் அவள் மூன்று முறை குளிர்கடலில் குளித்தாள், டிசம்பருக்கு மெழுகுவர்த்தி வாங்கினாள், தினமும் எஸ்கிலோடு உட்கார்ந்து மதியம் சாப்பிட்டாள். இவ்வளவு ஜாக்கிரதையாக வேலை செய்கிறவர்களால் மட்டுமே இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய முடியும்.

எஸ்கில் வெளியே வந்தான். திரையை அவனிடமிருந்து மறைக்க அவளுக்குத் தோன்றியது, மறைக்கவில்லை. அவன் நின்றபடியே ரொம்ப நேரம் பார்த்தான்.

"இரைச்சல் கம்மியா வந்திருக்கு," என்றான். "நல்ல படம்."

"எஸ்கில், நான் எழுதினது..."

"படிச்சேனே. நான்தான படிச்சேன்?" அவள் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினான். "சாவியக் குடு. வீட்ல ஸிக்னேக்கு எப்டிச் சொல்றதுன்னு யோசிக்கணும். சைக்கிள்ல போனா யோசிக்கலாம்."

"சைக்கிள்ல நீ போகக் கூடாது. வலிப்பு வந்தா?"

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில்தான் அவனுக்கு முதன்முதலாகப் பயம் வந்ததை அவள் கண்டாள். அவன் மனைவி ஸிக்னே வந்து அழைத்துப்போகும்வரை சைக்கிள் சாவி விபெக்கேயின் பையிலேயே இருந்தது.

*

திங்கட்கிழமை அறுவை மருத்துவரைப் பார்க்கப் போனபோது எஸ்கில் ஹென்னிங்கையும் விபெக்கேயையும் கூட வரச் சொன்னான். "இவங்கதான் கண்டுபிடிச்சவங்க," என்று அறிமுகப்படுத்தினான். உடம்பில் ஏதாவது மாறியிருந்ததா என்று மருத்துவர் கேட்டார். தலைவலி இல்லை, வாந்தி இல்லை, கை கால் மரத்துப்போகவில்லை.

"காப்பி மட்டும் ரெண்டு மாசமா கழனித்தண்ணி மாதிரி இருக்கு," என்றான் எஸ்கில். "மிஷின் கெட்டுப்போச்சுன்னு நினச்சேன்."

நாக்கின் ருசி போய்ச் சேருகிற இடம் அந்த மடிப்புதான் என்றார் மருத்துவர். கட்டியை எடுத்த பிறகு ருசி திரும்பினாலும் திரும்பலாம், அப்படித் திரும்பினால் அது நல்ல அறிகுறி.

ஹென்னிங் நிமிர்ந்து விபெக்கேயைப் பார்த்தார். இருநூறு கிராம் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்த நோய் காப்பி அறையில் எல்லோர் முன்னாலும் வாய் திறந்து பேசியிருக்கிறது, கேட்டவர்கள் கைகொட்டிச் சிரித்திருக்கிறார்கள். மூளையைப் பார்த்தே சம்பாதிக்கிறவர்கள். விபெக்கேக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் காது அடைத்தது.

ஒரு வாரம் கழித்துச் செவ்வாய்க்கிழமை அறுவை நடந்தது. துணுக்கு யூட்டேயிடம் போயிற்று. இனி எல்லாம் அவள் வாயில்தான் இருந்தது. இரண்டாம் தரத்துக் கட்டிகளில் ஒரு வகை உண்டு, செல் நெருக்கத்தால் நாலைப் போல வேஷம் போடும். ஹென்னிங்கின் பன்னிரண்டு கேக்கில் மூன்று அதனால் வந்தவை. இது அந்த வகையாக மட்டும் இருந்துவிட்டால் எஸ்கிலுக்குப் பத்து வருஷம், பதினைந்து வருஷம்கூடக் கிடைக்கும். நாலு என்றால் எவ்வளவு என்று அவள்தான் எழுதியிருந்தாளே.

ஐம்பத்து நாலு வயதில் விபெக்கே முதன்முறையாகத் தப்பாகப் போக ஆசைப்பட்டாள். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் கடைக்குப் போய் மாவும் வெண்ணெயும் ஆப்பிளும் தராசும் வாங்கினாள். வீட்டில் தராசு இருந்ததில்லை. சர்க்கரை இருநூறு கிராம், அளந்து போட்டாள். முதலாவது கருகியது. இரண்டாவது நடுவில் குழிந்தது, ஆனால் கேக் என்று சொன்னால் நம்பலாம். இதைத் தூக்கிக்கொண்டு போய், "தப்புப் பண்ணிட்டேன், சாப்பிடுங்க," என்று எல்லோர் முன்னாலும் சொல்வதை நினைத்து அடுப்படியிலேயே அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு யூட்டே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"விபெக்கே, தனியா இருக்கியா?"

"சொல்லு."

"நீ சொன்னதுதான்."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேன். மரபணுவும் பாத்தாச்சு. நானும் வேற எதாவது தெரியாதான்னுதான் தேடினேன்."

"நாலா?"

"நாலு."

மூன்று வருஷமாக 'நீ சொன்னதுதான்' என்று கேட்டால் அவள் முஷ்டியை உயர்த்துவாள். இன்று தொலைபேசியை வைத்துவிட்டு, தன் கண்ணையும் தன் புத்தியையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். கேக் டப்பா மேசையில் இருந்தது. குப்பையில் போடப் போனவள், போடாமல் கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தாள்.

எஸ்கில் தலையில் கட்டோடு ஜன்னலோரம் சாய்ந்திருந்தான். ஹென்னிங்கும் ஸிக்னேயும் பக்கத்தில் இருந்தார்கள். ஸிக்னேயின் கண்கள் வீங்கியிருந்ததைப் பார்த்ததுமே மருத்துவர் வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்று புரிந்தது. ஜன்னல் விளிம்பில் அடுத்த வருஷத்துக் காலண்டர்கள் மூன்று, உறை பிரிக்காமல் கிடந்தன.

"ஒண்ணு சமையலறைக்கு, ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு உனக்கு," என்றான் எஸ்கில். பேச்சு கொஞ்சம் குழறியது. பிறகு டப்பாவைப் பார்த்தான். "அது என்ன?"

"கேக்."

"எதுக்கு? நாலுன்னுட்டாங்க. நீ சொன்னது சரியாத்தான போச்சு?"

"ஓரத்துல எழுதினதுக்கு," என்றாள் விபெக்கே. டப்பாவைத் திறந்து, பிளாஸ்டிக் கத்தியால் வெட்ட ஆரம்பித்தாள்.

அவன் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான். "அப்ப அது நியாயம்," என்றான். "பெரிய துண்டாக் குடு. தெரியுமா, காலைல காப்பி காப்பியாட்டம் இருந்துச்சு. சும்மா சொல்லல. ஸிக்னே, சொன்னேன்ல? ருசி திரும்புது. திரும்பினா நல்லதுன்னு அந்த ஆள் சொன்னாரே."

ஸிக்னே தலையாட்டினாள். விபெக்கே எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். ஆப்பிள் வேகவில்லை, அடி காந்தியிருந்தது, தித்திப்பு மட்டும் திகட்டுகிற அளவுக்கு இருந்தது.

எஸ்கில் மென்றான். மெல்வது மெதுவானது. இன்னொரு வாய் எடுத்து, நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவன் முகத்தில் இருந்த அந்த எதிர்பார்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுவதை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விபெக்கே," என்றான். "இதுல சர்க்கரை போட்டியா?"

தப்பு செய்தேன் என்று வாழ்நாளில் ஒருமுறையும் சொல்லாத விபெக்கே, கையை நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, மறந்தே போய்ட்டேன்."

ஹென்னிங் வாயில் இருந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கினார். மீசையில் ஒட்டியிருந்த துணுக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நானே கேக்கணும்னு இருந்தேன்," என்றார். "சப்புன்னு இருக்கு. இருநூறு கிராம் போடணும் தாயே. அளந்து போடணும்."

"ஆமா, சர்க்கரையே இல்ல," என்றாள் ஸிக்னே, தட்டைப் பார்த்தபடி.

எஸ்கில் தலையணையில் சாய்ந்து மூச்சு விட்டான். சிரித்தான். காப்பி அறையில் மேசையைத் தட்டியபோது சிரித்த அதே சிரிப்பு.

"அப்ப இது ரெண்டாவது தப்பு," என்றான். "அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு கேக் வரணும்."

"கொண்டுவர்றேன்," என்றாள் விபெக்கே. அவள் பல்லிடுக்கில் சர்க்கரை இன்னும் தித்தித்துக்கொண்டிருந்தது.